வைசாலியின் முரசு

அன்புள்ள ஐயா,

வைசாலியில் சபை கூடி ஆட்சி நடத்திய வஜ்ஜிகளைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையைப் படித்தேன். புத்தர் சொன்ன ஏழு நெறிகளைக் கடைப்பிடித்த வரைக்கும் அவர்களை யாராலும் அசைக்க முடியவில்லை. பக்கத்து முடியரசான மகதத்தின் அமைச்சர் வஸ்ஸகாரர் உள்ளே போய்ச் சண்டை மூட்டியதும் மூன்றே வருடத்தில் விழுந்துவிட்டார்கள். பலர் கூடிப் பேசி நடத்தும் ஆட்சியின் பலவீனமே இதுதான் என்று எனக்குப் படுகிறது. தலைகள் பல இருந்தால் பிளவு வரத்தானே செய்யும்? மகதத்தில் முடிவெடுக்க ஒருவர் இருந்தார், அதனால் ஜெயித்தது. நீங்கள் இதை எப்படிப் பார்க்கிறீர்கள்?

– ஒரு வாசகர், தேனி

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடைசி வரியிலிருந்து தொடங்குகிறேன். மகதத்தில் முடிவெடுக்க ஒருவர் இருந்தார், சரி. அவர் அந்த இடத்துக்கு எப்படி வந்தார்? அஜாதசத்ரு தன் தந்தை பிம்பிசாரரைக் கொன்று அரியணை ஏறியவர். அவரை அவர் மகன் உதயபத்தன் கொன்றான் என்கிறது மகாவம்சம். அவனை அவன் மகன், அவனை அவன் மகன் என்று அந்த வரிசை நீள்கிறது. கடைசியில் குடிமக்களே வெகுண்டெழுந்து, அந்த வம்சத்தை விரட்டிவிட்டு, சிசுநாகர் என்ற அமைச்சரை அரசராக்கினார்கள். பிளவு அங்கேயும்தான் இருந்தது. பேசித் தீர்க்க ஒரு சபை இல்லாததால் கொலையில் தீர்ந்தது.

வைசாலி விழுந்த கதைக்கு வருவோம். புத்தரின் கடைசி நாட்களைச் சொல்லும் பாலி நூலான, தீக நிகாயத்தின் மகாபரிநிப்பான சுத்தத்தில் இருப்பது ரொம்பக் கொஞ்சம். வஜ்ஜிகள் மீது படையெடுக்கப் போவதாகப் புத்தரிடம் சொல்லிவரும்படி அஜாதசத்ரு வஸ்ஸகாரரை அனுப்புகிறார். புத்தர் அவருக்கு நேராகப் பதில் சொல்லாமல், பக்கத்தில் விசிறிக்கொண்டிருந்த சீடர் ஆனந்தரிடம், அந்த ஏழு நெறிகளையும் வஜ்ஜிகள் கடைப்பிடிக்கிறார்களா என்று ஏழு கேள்விகள் கேட்கிறார். அதைக் கேட்ட வஸ்ஸகாரர், போரால் இவர்களை வெல்ல முடியாது, இனிக்கப் பேசியோ ஒருவரோடு ஒருவரைப் பிரித்தோதான் முடியும் என்று சொல்லிவிட்டுப் போகிறார். மூன்று வருடச் சதி முழுவதும் அந்தச் சுத்தத்துக்குப் புத்தகோசர் எழுதிய உரையில் வருவது. அது பொ.ஆ. 5ஆம் நூற்றாண்டில் அனுராதபுரத்தில் எழுதப்பட்டது, சம்பவம் நடந்து பல நூறு வருடம் கழித்து.

சமண நூல்கள் வேறு கதை சொல்கின்றன. அங்கே சண்டை சேசனகம் என்ற யானைக்காகவும் ஒரு மாலைக்காகவும் தொடங்குகிறது. வைசாலியின் தலைவர் சேடகர் பக்கம் மல்லர் குலத்தாரும், வஜ்ஜிகளில் முதன்மைக் குலமான லிச்சவிகளும் காசி, கோசலத்துக் கணத் தலைவர்களுமாகப் பதினெட்டுப் பேர் நிற்கிறார்கள். மகதத்திடம் பெரும் கற்களை எறியும் பொறியும், படைக்குள் புகுந்து நசுக்கும் தேரும் இருந்தன. கங்கைக் கரையில் பாடலிகிராமத்தில் வஜ்ஜிகளுக்கு எதிராகக் கோட்டை எழுந்துகொண்டிருந்ததைப் புத்தர் தன் கடைசிப் பயணத்திலேயே பார்க்கிறார். வெறும் கோள்மூட்டலில் சாய்கிற ஊராக இருந்திருந்தால் மகதத்துக்கு இவ்வளவு தேவைப்பட்டிருக்காது.

ஆனாலும் உரைக்கதையை நான் ஒதுக்க மாட்டேன். அதில் ஒரு இடம் அபாரமானது. அரசர் விரட்டிவிட்டதாக நடித்து வஸ்ஸகாரர் வைசாலிக்கு வருகிறார். அவர்கள் நம்பி, நீதி வழங்கும் பொறுப்பைத் தருகிறார்கள். பிள்ளைகளும் அவரிடம் பாடம் படிக்கிறார்கள். ஒருநாள் ஒரு லிச்சவியைத் தனியே கூப்பிட்டு, "வயலில் உழவு நடக்கிறதா?" என்கிறார். "நடக்கிறது." "இரண்டு மாடு பூட்டித்தானே?" "ஆமாம்." அவ்வளவுதான் பேச்சு. ஆச்சாரியார் என்ன சொன்னார் என்று இன்னொருவர் கேட்க, இவர் உள்ளதை உள்ளபடி சொல்கிறார். அவர் நம்பவில்லை. எதையோ மறைக்கிறான் என்று மனம் கசந்து போகிறார். சாப்பாட்டுக்கு என்ன குழம்பு என்பது இன்னொரு நாள் கேள்வி. இப்படிப் பழக்கிய பிறகுதான், "நீ ஏழையாமே", "நீ கோழையாமே" என்று ஆரம்பிக்கிறார். யார் சொன்னது என்று கேட்டால் இன்னொரு லிச்சவியின் பெயரைச் சொல்கிறார்.

அவர் கெடுத்தது எதை என்று பாருங்கள். சபையில் கருத்து வேறுபாட்டை அவர் உண்டாக்கவே இல்லை. எல்லாரும் கேட்க நடக்க வேண்டிய பேச்சைத் தனித்தனிக் காதுகளுக்கு மாற்றினார். புத்தர் சொன்ன நெறிகளில் முதலாவது, அடிக்கடி கூடுவது. ஒற்றுமையாகக் கூடி ஒற்றுமையாகக் கலைவது அதற்கு அடுத்ததுதான். நடுவில் வாதம் இருக்கும் என்பது அவருக்குத் தெரியும். பிக்கு சங்கத்தில் உடன்பாடு வராதபோது சலாகை என்ற குச்சிகளை எடுத்துப் பெரும்பான்மை காணும் முறையே சங்கத்தின் விதிநூலான விநயத்தில் இருக்கிறது. பிளவைப் பார்த்துப் பயந்தவர்கள் இப்படி ஒரு விதியை வைத்திருக்க மாட்டார்கள்.

இன்னொன்றும் உண்டு, எனக்கு இதுதான் முக்கியம். மகதப் படை வருகிறது என்று முரசு அறைகிறார்கள். "ஆள்கிறவர்கள் போகட்டும், வீரர்கள் போகட்டும்" என்று ஒருவரும் வரவில்லை. கதவைச் சாத்துவதற்காக அறைந்த முரசுக்கும் ஆளில்லை. அஜாதசத்ரு திறந்த வாசல் வழியாகவே உள்ளே வந்தார். சரி, அந்த முரசு யாரைக் கூப்பிட்டது? ஜாதகக் கதைகள் வைசாலியில் 7,707 ராஜாக்கள் இருந்ததாகச் சொல்கின்றன. அந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் அத்தனை பேரும் ஆளும் சத்திரியக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். அவர்கள் முடிசூட்டு நீராடும் குளத்துக்குக் காவலும் இரும்பு வலையும் போட்டிருந்தார்கள். கோசலப் படைத்தலைவன் பந்துலனின் மனைவிக்கு மசக்கையில் அந்தக் குளத்தில் குளிக்க ஆசை வர, அவன் காவலர்களை அடித்து வலையை அறுத்துத்தான் அவளை இறக்க வேண்டியிருந்தது. உழுதவர்களுக்கும் நெய்தவர்களுக்கும் அடிமைகளுக்கும் அந்தக் குளத்திலும் இடமில்லை, சபையிலும் இடமில்லை. சில ஆயிரம் பேர் ஒருவரை ஒருவர் வெறுத்துவிட்டால், ஊரைத் தன்னுடையது என்று நினைத்து ஓடிவர வேறு யாரும் மிஞ்சவில்லை. நீங்கள் தலைகள் அதிகம் என்கிறீர்கள். எனக்கு அவை மிகக் குறைவாகத் தெரிகின்றன.

லிச்சவிகள் இதோடு அழிந்துவிடவில்லை. பொ.ஆ. 4ஆம் நூற்றாண்டில் முதலாம் சந்திரகுப்தர் குமாரதேவி என்ற லிச்சவிப் பெண்ணை மணக்கிறார். அவர்கள் மகன் சமுத்திரகுப்தர், தான் லிச்சவி மகள் வயிற்றுப் பேரன் என்று அலகாபாத் தூணில் பெருமையாகப் பொறிக்கிறார். குலப்பெயர் அத்தனை காலம் மதிப்போடு நின்றிருக்கிறது. சபை திரும்ப வரவில்லை.

நேரம் கிடைத்தால் கௌடில்யரின் அர்த்தசாஸ்திரத்தில் 11ஆம் அதிகரணத்தை, அதாவது பகுதியைப் படியுங்கள். ஒரே ஒரு அத்தியாயம்தான். லிச்சவி, விரிஜி (வஜ்ஜிதான்), மல்லர் என்று பெயர் சொல்லி, இப்படிக் கூடி ஆளும் சங்கங்களுக்குள் ஒற்றர்களை அனுப்பிப் பகை மூட்டுவது எப்படி என்று வரிசையாகச் சொல்லிவிட்டு, முடிக்கும்போது சங்கத் தலைவருக்கும் நியாயமாக இரு, அடக்கமாக இரு, எல்லாருடைய மனதையும் அனுசரித்து நட என்று அறிவுரை தருகிறது. படித்துவிட்டு எழுதுங்கள்.

அன்புடன்.