பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் சுருதி ஏறினால் பிரிட்ஜை மாற்றணுமா?

கேள்வி: மூன்று வாரம் முன்பு சேலத்தில் 14,000 ரூபாய்க்குப் புது எலெக்ட்ரிக் கிட்டார் வாங்கினேன். ஃப்ரெட் (கிட்டாரின் கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டி) எதையும் அழுத்தாமல் மீட்டினால் டியூன் சரியாக இருக்கிறது. மேலே போகப் போக சுருதி ஏறுகிறது. கடையில், "இந்த விலைக்கு இப்படித்தான் சார், பிரிட்ஜை மாற்றினால் சரியாகிவிடும், 3,500 ஆகும்" என்கிறார்கள் (பிரிட்ஜ் என்பது உடல் பக்கம் கம்பிகளைத் தாங்கும் பாகம்). மாற்றலாமா? (வாசகர், ஏற்காடு)

பதில்: இப்போதைக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். நீங்கள் சொல்கிற குறை பெரும்பாலும் ஒரு ஸ்க்ரூ டிரைவரிலேயே தீர்ந்துவிடும். புது கிட்டாரை செட்டப் செய்து கொடுப்பது விற்றவரின் வேலை. அதற்குப் பாகம் மாற்றக் காசு கேட்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

முதலில் புதுக் கம்பி போடுங்கள். துருப்பிடித்த, பழைய கம்பியில் எந்தச் சோதனையும் சரியாக வராது. அப்புறம் போனில் ஒரு டியூனர் செயலியை வைத்துக்கொண்டு, பன்னிரண்டாவது ஃப்ரெட்டுக்கு நேர் மேலே கம்பியை லேசாகத் தொட்டு ஹார்மோனிக் (அழுத்தாமல் தொட்டு மீட்டும்போது வரும் மணி போன்ற ஒலி) எடுங்கள். அடுத்து அதே இடத்தில் வழக்கம்போல அழுத்தி மீட்டுங்கள். இரண்டும் ஒரே சுருதியில் நிற்க வேண்டும். அழுத்தியது ஏறினால் கம்பியின் நீளம் போதவில்லை என்று அர்த்தம். அந்தக் கம்பியின் சேடிலை (பிரிட்ஜில் கம்பி உட்காரும், திருகால் நகரும் சிறு தாங்கி) நெக்கை, அதாவது கழுத்தை, விட்டுப் பின்னால் தள்ளணும். இறங்கினால் முன்னால். நகர்த்தும்முன் கம்பியைத் தளர்த்துங்கள், இல்லாவிட்டால் திருகின் தலை தேய்ந்துவிடும். ஒவ்வொரு முறை நகர்த்திய பிறகும் மறுபடி டியூன் செய்துதான் பார்க்கணும். பொறுமை வேண்டிய வேலை, ஆனால் கஷ்டமில்லை.

சேடிலைத் தொடும்முன் இரண்டு விஷயம். நெக்கின் வளைவும் கம்பியின் உயரமும் முதலில் சரியாக இருக்க வேண்டும். கம்பி உயரமாக இருந்தால் அழுத்தும்போது அதிகம் இழுபட்டு சுருதி ஏறும். ஏற்காட்டில் இதைக் கட்டாயம் கவனிக்கணும். சேலத்து வெயிலில் சரிசெய்த நெக், மலை மேல் பனியிலும் ஈரத்திலும் வளைவு மாறும், மரம் அப்படித்தான். அதனால் கிட்டாரை ஒன்றிரண்டு நாள் உங்கள் வீட்டிலேயே விட்டு, அங்கேயே செட்டப் செய்யுங்கள். டிரஸ் ராடைத் (நெக்கின் உள்ளே இருந்து அதன் வளைவைச் சரிசெய்யும் உலோகக் கம்பி) திருப்பிப் பழக்கமில்லை என்றால் தெரிந்தவரிடம் கொடுங்கள். ஒரே தடவையில் கால் சுற்றுக்கு மேல் திருப்பக் கூடாது.

முதல் மூன்று ஃப்ரெட்டில் மட்டும் சுருதி ஏறி, பன்னிரண்டில் சரியாக இருந்தால் குறை நட்டில் (நெக்கின் தலைப்பக்கம் கம்பிகள் உட்காரும் பள்ளங்கள் உள்ள துண்டு) இருக்கிறது. பள்ளம் ஆழம் போதவில்லை, அராவ வேண்டும். தடித்த கம்பிகளில் மேல் ஃப்ரெட்டில் ஒலி நடுங்கினால் பிக்கப்பைக் (கம்பியின் அதிர்வை மின்சமிக்ஞையாக்கும் பாகம்) கொஞ்சம் இறக்கிப் பாருங்கள், அதன் காந்தம் கம்பியை இழுக்கும். இவை எதற்கும் புது பிரிட்ஜ் மருந்தில்லை.

பிரிட்ஜ் உண்மையிலேயே கெட்டிருப்பதை இப்படிக் கண்டுபிடிக்கலாம்: சேடிலைக் கடைசிவரை பின்னால் தள்ளியும் சுருதி ஏறியே நின்றால், பிரிட்ஜ் தப்பான இடத்தில் பொருத்தப்பட்டிருக்கலாம். அது தயாரிப்புக் குறை. டியூனர் காட்டுவதை வீடியோ எடுத்து, பில்லோடு கடைக்கு எழுத்தில் அனுப்பி, இலவசமாகச் சரிசெய்யவோ மாற்றித் தரவோ கேளுங்கள். வாய்ப்பேச்சை மட்டும் நம்ப வேண்டாம். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் சொல்லலாம். அதிலும் தீராவிட்டால் சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி இரண்டு ஆண்டுக்குள் மனு போடணும். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை.