பிரஷர் மாத்திரை ரத்தக்குழாயவும் காப்பாத்துமா? கேட்டதும் சொன்னதும்

நான் காலேஜ்ல மருந்தியல் சொல்லிக் குடுக்கறவனுங்க, டாக்டர் இல்ல. அதனால எத்தனை மில்லிகிராம் போடோணும்னு மட்டும் எங்கிட்ட கேக்காதீங்க.

கோபிக்காரர்: அப்பாவுக்கு டெல்மிசார்டன் எழுதியிருக்காங்க. பிரஷர் இறங்கறதோட ரத்தக்குழாய் உள்பக்கத்தையும் காப்பாத்தும்ங்கறாங்க, நெசமாங்ணா?

நெசந்தானுங்க. ஆஞ்சியோடென்சின் 2னு ஒரு ஹார்மோன் நம்ம ஒடம்புலயே உண்டாகுது, அது ரத்தக்குழாய இறுக்கறதோட நிக்காம குழாய்ச் செவுத்துல இருக்கற ஒரு நொதியவும் உசுப்பி உட்டு சூப்பராக்சைடுங்கற பொல்லாத ஆக்சிஜன எச்சா உண்டாக்குதுங்க, இத 1994ல அமெரிக்காவுல கேத்தி கிரீண்ட்லிங் குழு ரத்தக்குழாய் தசை செல்லுல காட்டுனாங்க. குழாய் தளர்ந்து இருக்கோணும்னா நைட்ரிக் ஆக்சைடு வேணும் (அந்தக் கண்டுபிடிப்புக்கு 1998ல மூணு பேருக்கு நோபல் குடுத்தாங்க), இந்த சூப்பராக்சைடு அதப் போயி புடிச்சு வீணாக்கிருது. பொறவு குழாய் வெறைச்சுக்குது, கொழுப்பும் படியுது. டெல்மிசார்டன், லோசார்டன் எல்லாம் அந்த ஆஞ்சியோடென்சின் போயி ஒட்டற எடத்தையே மறிச்சுக்குது, எனலாப்ரில், ராமிப்ரில் அது உண்டாகறதையே கொறைக்குது. ஆனா ஒண்ணுங்க, உங்கப்பாவுக்குக் கெடைக்கற பலன்ல பெரும்பங்கு பிரஷர் இறங்கறதாலதான், குழாயக் காப்பாத்தறது அதோட சேந்து வர்ற லாபம்னு வெச்சுக்கோங்க.

ஈரோட்டுக்காரர்: அப்ப அந்தப் பொல்லாத ஆக்சிஜன அடக்கும்ங்கற மஞ்சளும் வைட்டமின் ஈ மாத்திரையும் சாப்டா அதே வேலை நடக்காதுங்களா?

நம்மூர் மஞ்சளக் கொறை சொன்னா சண்டைக்கு வருவீங்கன்னு தெரியும், கொழம்புல தாராளமாப் போடுங்க. ஆனா 2000த்துல வந்த ஹோப்ங்கற பெரிய ஆய்வப் பாருங்க. இதய நோய், சர்க்கரை மாதிரி ஆபத்து இருக்கறவங்க 9,000 பேருக்கு மேல, ராமிப்ரிலையும் வைட்டமின் ஈயையும் தனித்தனியா சோதிச்சாங்க. மாரடைப்பு, பக்கவாதம், இதயச் சாவு மூணும் சேத்து வெத்து மாத்திரைக்காரங்கள்ல 17.8 சதவீதம், ராமிப்ரில்காரங்கள்ல 14 சதவீதம். வைட்டமின் ஈ? ஒரு பிரயோசனமும் இல்லீங்க. மடைய அடைக்காம வயல்ல நிக்கற தண்ணிய சட்டில மொண்டு ஊத்துனா எப்புடி வடியும்?

பொள்ளாச்சிக்காரர்: தோப்பு இருக்குதுங்க, நெதம் மூணு எளநி குடிக்கறேன். லோசார்டனும் போடறேன்.

இதக் கேட்டது நல்லதாப் போச்சுங்க. எளநில பொட்டாசியம் ஜாஸ்தி, இந்த மாத்திரையும் பொட்டாசியத்த ஒடம்புல நிறுத்தி வெக்கும். கிட்னி கொஞ்சம் மங்கியிருந்தா ரத்தத்துல ஏறி இதயத் துடிப்பே தடுமாறும். கிரியாட்டினின் (கிட்னி எப்புடி வேலை செய்யுதுன்னு காட்டறது), பொட்டாசியம் ரெண்டும் டெஸ்ட் பண்ணிட்டு டாக்டர்கிட்ட எளநிக் கணக்கச் சொல்லுங்க. சோடியம் கம்மின்னு விக்கற உப்பும் இதே கதைதான், அதுல பொட்டாசியம் கலந்திருக்கு.

சென்னிமலைக்காரர்: எனலாப்ரில் போட்டதுல இருந்து வறட்டு இருமல், தறியில உக்காரவே முடியல.

அந்த மாத்திரையாலயே வரும்ங்க. டாக்டர்கிட்ட சொன்னா சார்டன் வகைக்கு மாத்துவாங்க, அதுல இருமல் அபூர்வம்.

திருப்பூர் அக்கா: அம்லோடிபின் போட்டு அம்மாவுக்குக் கால் வீங்குது, கிட்னி போச்சாங்க?

அம்லோடிபின்ல இது சகஜம்ங்க்கா, சின்ன ரத்தக்குழாய் விரிஞ்சு தண்ணி கசியறதால வர்றது. இருந்தாலும் ஒருக்கா காட்டிருங்க, வீக்கத்துக்கு வேற காரணமும் இருக்கலாம்.

காங்கேயத்துக்காரர்: மருமகளுக்கு 29 வயசு, டெல்மிசார்டன் போடுது. கொழந்தைக்குப் பாக்கறாங்க.

இப்பவே டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போங்க, தள்ளிப் போடாதீங்க. சார்டனும் சரி, எனலாப்ரில் வகையும் சரி, கர்ப்பத்துல கொழந்தையோட கிட்னியக் கெடுக்கும். மாத்திக் குடுக்க லாபெட்டலால், நிஃபெடிபின்னு வேற இருக்குதுங்க.