இலை எடுத்துக் கொடுக்கும் படம்

அன்புள்ள ஐயா,

வெப்பமண்டலச் செடிகளின் இலைகளில் புதுப்புது ஈஸ்ட் இனங்கள் கிடைக்கின்றன என்று எழுதியிருந்தீர்கள். ஈஸ்ட் ரொட்டி மாவில் போடுவதுதானே, இலையில் அதற்கு என்ன வேலை? நுண்ணோக்கியில் எல்லாம் ஒரே மாதிரி உருண்டையாகத்தானே தெரியும், இது புதுசு என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

நந்தினி

அன்புள்ள நந்தினி,

ரொட்டி ஈஸ்ட் ஒரே ஒரு இனம். பெயர் வைக்கப்பட்ட ஈஸ்ட்டுகள் ஆயிரத்துக்கும் மேல், அவற்றில் பெரும்பாலானவை மாவைக் கண்ணால் பார்த்ததில்லை.

இலைமேல் குடியிருப்பது லேசுப்பட்ட காரியமில்லை. சுள்ளென்ற வெயில், வழுக்கும் மெழுகு, எப்போதாவது கசிகிற துளி சர்க்கரை. அங்கே கிடைப்பவற்றில் பல இளஞ்சிவப்பாக இருக்கும். கேரட்டில் இருக்கிற அதே கரோட்டினாய்டு குடும்பத்து நிறமிதான், வெயிலைத் தாங்க உதவுகிறது. சிலது இலையிலிருந்து வெளிவரும் மெத்தனால் என்ற ஆல்கஹாலையே தின்று பிழைக்கும்!

பிடிக்கிற விதம் இன்னும் அழகு. இலைத் துண்டைப் பெட்ரி தட்டு என்கிற தட்டையான ஆய்வகக் கிண்ணத்தின் மூடிக்கு உட்புறமாகத் துளி வாசலின் வைத்து ஒட்டிவிட்டு, கீழே ஈஸ்ட் வளர்வதற்கான அகார் கூழை வைத்துக் காத்திருக்க வேண்டியதுதான். வித்துகளை விசையோடு எறிகிற வகை ஈஸ்ட் இலையில் இருந்தால் அவை கீழே விழுந்து முளைத்து, சில நாளில் கூழின்மேல் அந்த இலையின் உருவமே புள்ளி புள்ளியாகத் தெரியும். நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரத்து நுண்ணுயிரியலாளர் க்ளூய்வரும் அவர் மாணவர் வான் நீலும் 1924இல் இவற்றைக் கண்ணாடிப் பிம்பம் போடும் ஈஸ்ட்டுகள் என்றே எழுதினார்கள். எறியத் தெரியாதவற்றுக்கு இலையைக் கழுவி அந்த நீரை வளர்க்க வேண்டும். இதற்கெல்லாம் அடர்காட்டுக்குப் போக வேண்டும் என்றுமில்லை, தாய்லாந்தில் சவித்ரி லிம்தோங் குழுவினர் நெல், கரும்பு இலைகளிலேயே தேடினார்கள்.

நுண்ணோக்கி பற்றி நீங்கள் சொன்னது சரி, அதை மட்டும் நம்பினால் ஏமாறுவோம். அதனால் ரைபோசோம் (செல்லுக்குள் புரதம் செய்யும் எந்திரம்) சார்ந்த மரபணுவில் சுமார் 600 டி.என்.ஏ. எழுத்துள்ள ஒரு துண்டைப் படித்து, தெரிந்த இனங்களோடு ஒப்பிடுகிறார்கள். ஆறு எழுத்துக்கு மேல் மாறினால் பெரும்பாலும் வேறு இனம். கர்ட்ஸ்மேன், ராப்னெட் என்ற ஆய்வாளர்கள் 1998இல் நூற்றுக்கணக்கான ஈஸ்ட்டுகளை ஒப்பிட்டுச் சொன்ன கணக்கு இது. நாலைந்து எழுத்து மாறினால்? அங்கேதான் சண்டை. அப்புறம் எந்தச் சர்க்கரையைத் தின்கிறது, எந்தச் சூட்டில் வளர்கிறது என்றெல்லாம் பார்ப்பார்கள்.

எனக்கு ஓர் உறுத்தல் உண்டு. ஒரே இலையில் ஒரே முறை கிடைத்ததை வைத்துக்கூடப் புது இனம் என்று பெயர் சூட்டிவிடுகிறார்கள். விதிப்படி தப்பில்லை, ஆனால் அந்த இனத்துக்குள் எவ்வளவு வேறுபாடு இருக்கும் என்பது ஒற்றை ஆளை வைத்துத் தெரியாது. இன்னும் நாலு மரத்து இலையைப் பறித்துப் பார்த்துவிட்டு வைக்கலாமே என்பது என் கட்சி.