கற்பூரம் அணைத்துச் செய்த சத்தியம் உங்கள் ஓட்டைக் கட்டுப்படுத்துமா?

கேள்வி: குடியாத்தம் பக்கத்தில் எங்கள் கிராமம். சட்டமன்றத் தேர்தலுக்கு முந்தைய வெள்ளிக்கிழமை மாரியம்மன் கோயிலில் ஊர்க்கூட்டம் போட்டார்கள். ஒரு வேட்பாளர் தரப்பில் கோயிலுக்கு ஷீட் கூரை போட இரண்டு லட்சம் கொடுத்திருந்தார்கள். "ஓட்டு அவருக்குத்தான், மாறினால் ஆத்தா சும்மா விடமாட்டாள்" என்று சொல்லி, தலைக்கட்டுக்கு ஒருவராகக் கற்பூரத்தை அணைக்க வைத்தார்கள். நானும் அணைத்தேன். ஆனால் வேறொருவருக்கு ஓட்டுப் போட்டேன். அதை டீக்கடையில் வாய்தவறிச் சொல்லியும்விட்டேன். மூன்று மாதம் ஆகிறது. இப்போது ஆடிக் கூழுக்கு எங்கள் வரியை வாங்க மறுக்கிறார்கள். கரகம் எடுக்கும் எங்கள் முறையையும் பறித்துவிட்டார்கள். 10,001 ரூபாய் அபராதம் கட்டி ஊர் முன்னால் விழுந்து கும்பிட வேண்டுமாம். சாமி குத்தம் ஆகிவிட்டது என்று அம்மா அழுகிறார். நான் செய்தது சட்டப்படி தவறா? வழக்குப் போட்டால் நிற்குமா?

பதில்: நீங்கள் எந்தத் தவறும் செய்யவில்லை. இதை முதலில் அம்மாவிடம் சொல்லுங்கள்.

ஓட்டு என்பது அடகு வைக்கக்கூடிய பொருள் அல்ல. கற்பூரத்தின் மேல் கை வைத்தாலும், பத்திரத்தில் கையெழுத்துப் போட்டாலும் அது உங்களைக் கட்டுப்படுத்தாது. யாருக்கு ஓட்டுப் போட்டாய் என்று நீதிமன்றம்கூட உங்களைச் சொல்ல வைக்க முடியாது. 1951-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 94-வது பிரிவு அப்படிச் சொல்கிறது. டீக்கடையில் நீங்களாகச் சொன்னதும் குற்றமில்லை.

குற்றம் அந்த வெள்ளிக்கிழமை நடந்தது. அதே சட்டத்தின் 123(2) பிரிவை அம்மாவுக்குப் படித்துக் காட்டலாம். வாக்காளர் தெய்வத்தின் கோபத்துக்கு ஆளாவார் என்று நம்ப வைப்பதையும், சாதியிலிருந்தோ சமூகத்திலிருந்தோ ஒதுக்கிவிடுவோம் என்று மிரட்டுவதையும் அது பெயர் சொல்லியே தகாத செல்வாக்கு என்கிறது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 171-வது பிரிவும் தெய்வக் கோபத்தைக் காட்டிப் பயமுறுத்துவதைத் தேர்தல் குற்றமாகவே வைத்திருக்கிறது. 174-வது பிரிவின்படி அதற்கு ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். அம்மா இன்று எதை நினைத்து அழுகிறாரோ, அந்தப் பயத்தை ஒருவர் மனதில் விதைப்பதைத்தான் சட்டம் குற்றம் என்கிறது. கூரைக்காகக் கொடுத்த இரண்டு லட்சமும் ஓட்டை நோக்கிக் கொடுத்தது என்று காட்ட முடிந்தால் லஞ்சம்தான். பணம் வாக்காளர் கைக்கே வந்திருக்க வேண்டும் என்பதில்லை.

இதைவிடக் கடுமையான சட்டம் இன்னொன்று உண்டு. காவல் நிலையங்களில்கூடப் பலருக்கு அது நினைவில் இருப்பதில்லை. 1988-ஆம் ஆண்டின் சமய நிறுவனங்கள் (தவறான பயன்பாட்டைத் தடுத்தல்) சட்டம் அது. கோயில் வளாகத்தை அரசியல் காரியத்துக்குப் பயன்படுத்துவதும், பயன்படுத்த விடுவதும் அதன்படி குற்றம். கோயில் பணம், திருவிழா, ஊர்வலம் எதையும் அரசியலுக்குத் திருப்பக் கூடாது. பொறுப்பாளர் என்றால் பதிவேட்டில் பெயர் உள்ள தர்மகர்த்தா மட்டுமல்ல, கோயில் காரியங்களைத் தம் கையில் வைத்திருக்கும் எவரும்தான். அவருக்கும் உடந்தையாக இருந்த ஒவ்வொருவருக்கும் ஐந்தாண்டு வரை சிறையும் 10,000 ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். இதே கடிதம் ஆம்பூரில் ஒரு ஜமாத்திலிருந்தோ, வேலூரில் ஒரு திருச்சபையிலிருந்தோ வந்திருந்தாலும் என் பதிலில் ஒரு சொல் மாறாது. பொதுமக்கள் வழிபடும் எந்த இடத்துக்கும் இந்தச் சட்டம் பொருந்தும்.

"எங்கள் கோயில், எங்கள் வழக்கம், எங்கள் மதச் சுதந்திரத்தில் கோர்ட்டுக்கு என்ன வேலை?" என்று எதிர்த்தரப்பு கட்டாயம் கேட்கும். அரசியல் சாசனத்தின் 26-வது பிரிவைக் காட்டுவார்கள். அந்த உரிமை சமயப் பிரிவுகளுக்கானது. ஊர் விழாக் குழு ஒரு சமயப் பிரிவு ஆகிவிடாது. முஸ்லிம்களில் ஒரு பிரிவான போரா சமூகத்தைப் பற்றிய 1962-ஆம் ஆண்டுத் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம், சமய காரணத்துக்காக ஒருவரை விலக்கிவைக்கும் சமயத் தலைவரின் அதிகாரத்துக்குப் பாதுகாப்பு தந்தது உண்மை. அந்தத் தீர்ப்பே இப்போது மறுபரிசீலனைக்காகப் பெரிய அமர்வுக்கு அனுப்பப்பட்டிருக்கிறது. அது அப்படியே நின்றாலும் உங்கள் ஊராருக்கு உதவாது. உங்களை ஒதுக்கியது நீங்கள் அம்மனை மறுத்ததற்காக அல்ல, ஒரு வேட்பாளரை மறுத்ததற்காக.

25-வது பிரிவு, மதத்தைப் பின்பற்றும் உரிமையைச் சொல்வதற்கு முன்பே மனசாட்சிச் சுதந்திரத்தைச் சொல்கிறது. அந்த வரிசை எனக்கு முக்கியமாகப் படுகிறது. நம் மாவட்டத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கிழக்கிந்தியக் கம்பெனி தன் சிப்பாய்கள் நெற்றிக்குறி இடக் கூடாது, காதில் கடுக்கன் கூடாது, தாடி கூடாது, தோல் பதக்கம் வைத்த தலைப்பாகைதான் அணிய வேண்டும் என்று ஆணையிட்டதால்தான் 1806 ஜூலை 10 அதிகாலையில் வேலூர்க் கோட்டைக்குள் இந்துக்களும் முஸ்லிம்களும் சேர்ந்து எழுந்தார்கள். அன்று அவர்கள் நெற்றியில் கை வைத்தது கம்பெனி. இன்று உங்கள் மனசாட்சியில் கை வைப்பது உங்கள் ஊர். ஊர் என்பதற்காக அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

இனி செய்ய வேண்டியவை. அபராதம் கட்டாதீர்கள், விழுந்தும் கும்பிடாதீர்கள். கட்டினால் நாளை அதையே நீங்கள் ஒப்புக்கொண்டதற்குச் சாட்சியாகக் காட்டுவார்கள்.

தேர்தல் செல்லாது என்று உயர் நீதிமன்றத்துக்குப் போக, முடிவு வந்ததிலிருந்து 45 நாள்தான் அவகாசம். அந்தக் கதவு மூடிவிட்டது. தகாத செல்வாக்குக் குற்றத்துக்கு ஓராண்டு அவகாசம் உண்டு. ஆனால் மாஜிஸ்திரேட் உத்தரவில்லாமல் போலீஸ் அதை விசாரிக்க முடியாது என்று சொல்லி உங்களைத் திருப்பி அனுப்பப் பார்ப்பார்கள். அதனால் புகாரில் 1988 சட்டத்தை முதலில் எழுதுங்கள். அதில் போலீஸ் நேரடியாக வழக்குப் பதியலாம். புகார் வாங்கியதற்கு போலீஸ் தரும் சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் நிலையத்தை விட்டு வராதீர்கள். பதியாவிட்டால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபால், அதன்பின் மாஜிஸ்திரேட்.

ஊர் வாட்ஸ்அப் குழுவில் வந்த செய்திகளையும் ஆடியோவையும் அழித்துவிடாதீர்கள், போனையும் மாற்றாதீர்கள். நீதிமன்றத்தில் மின்னணுச் சாட்சிக்குச் சான்றிதழ் தர வேண்டியிருக்கும், அந்தப் போன் கையில் இருப்பது நல்லது.

கூழ் நாளுக்கு முன்பே குடியாத்தம் கோட்டாட்சியரிடம் மனு கொடுத்து, தாசில்தார் முன்னிலையில் இரு தரப்பையும் கூப்பிட்டுப் பேசக் கேளுங்கள். பெரும்பாலும் அங்கேயே ஊர் இறங்கிவரும். வராவிட்டால் உரிமையியல் நீதிமன்றத்தில் தடையாணை கேட்கலாம். பொதுக் கோயிலில் கும்பிடுவது உரிமையியல் உரிமை, அதை யாரும் தடுக்க முடியாது. ஆனால் கரகம் எடுக்கும் முறை பற்றி உங்களுக்குப் பொய் நம்பிக்கை தர மாட்டேன். கோயிலில் ஒரு பதவியோடு சேராத வெறும் மரியாதைக்காக வழக்கு நிற்காது என்று 1961-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கரகத்தைப் பேச்சுவார்த்தையில் கேட்டுப் பாருங்கள், வழக்கில் அதை முன்னால் வைக்காதீர்கள். வக்கீல் கட்டணம் சுமையாக இருந்தால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள். பெண் என்பதால் அம்மாவுக்கு வருமான வரம்பு பார்க்காமலே இலவச வக்கீல் கிடைப்பார். மனுவில் அவரையும் சேருங்கள்.

வரும் வெள்ளிக்கிழமை அம்மாவை அதே கோயிலுக்கு அழைத்துப் போங்கள். உறவுக்காரர் ஒருவரும் கூட வரட்டும். அம்மா தன் கையால் தேங்காய் உடைத்து, கற்பூரம் ஏற்றட்டும். யாராவது தடுத்தால் சண்டை வேண்டாம், திரும்பி வந்துவிடுங்கள். தடுத்தவர் பெயர், நேரம், உடன் இருந்தவர்கள் பெயர் எல்லாவற்றையும் அன்றிரவே எழுதி வையுங்கள்.