காரை ஓட்டி நிறுத்தியதும் ஆயில் கருகும் வாடை வருவது ஏன்?

இப்போதுதான் ஆயில் மாற்றினீர்கள் என்றால் ஊற்றும்போது சிந்தியது காய்கிறது, கொஞ்சம் ஓடினால் போய்விடும். ஆனாலும் ஃபில்டர் கசிகிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். மாற்றவே இல்லை என்றால் என் சந்தேகம் முதலில் வால்வு கவர் கேஸ்கெட் மேல்தான், அதாவது என்ஜினின் மேல்மூடிக்கு அடியில் ஆயில் கசியாமல் அடைக்கிற ரப்பர் பட்டை. அந்த ரப்பர் சூட்டில் இறுகி விரிசல் விட்டுப் போகும், ஆயில் மெல்ல வழிந்து கொதிக்கிற எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் (என்ஜினிலிருந்து புகையை வெளியேற்றும் குழாயில்) விழுந்து கருகும். என்ஜின் ஆறியபின் டார்ச் அடித்து கவரின் விளிம்பைப் பாருங்கள், தூசி ஒட்டிய கறுப்புப் பிசுக்கு இருந்தால் அதேதான். போல்ட்டை இன்னும் முறுக்கினால் நின்றுவிடும் என்று நினைக்காதீர்கள், கவர்தான் வளையும்; கேஸ்கெட்டையே மாற்றுங்கள். அப்புறம் ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கை எடுத்துப் பாருங்கள். வெளியே கசிவே இல்லாமல் அளவு குறைந்து, சைலன்சரில் நீலப் புகையும் வந்தால் ஆயில் உள்ளே எரிகிறது, ஆயில் எரியும் அறைக்குள் போகாமல் தடுக்கிற பிஸ்டன் ரிங்கோ வால்வு சீலோ போயிருக்கும். பானட்டிலிருந்தே புகை கிளம்பினால் உடனே ஓரங்கட்டி நிறுத்திவிடுங்கள்.