ஓட்டு இல்லாத 29 வருஷம் – வாசகர் கடிதமும் பதிலும்

அண்ணா வணக்கம்,

தலிப் சிங் சௌந்த் பத்தி நீங்க எழுதினதை ரெண்டு தடவ படிச்சேன். அமெரிக்க காங்கிரஸுக்கு (அவங்க பார்லிமெண்டுக்கு) ஜெயிச்சுப் போன முதல் ஆசியர், முதல் இந்தியர், முதல் சீக்கியர்னு போட்டிருந்தீங்க. ஆனா போட்டோவப் பாத்தா கோட்டு, டை, மழமழன்னு ஷேவ் பண்ணின முகம், தலைப்பாகையே இல்ல. ஓட்டுக்காகக் கழட்டினாரோன்னு ஒரு நெருடல். இவர சீக்கியர்னு பெருமையா சொல்லலாமா?

இன்னொன்னு சொந்த விஷயம். நான் டல்லஸ் பக்கம் 11 வருஷமா இருக்கேன், கிரீன் கார்டு கியூல நிக்கிறேன். எங்க தெருவுல மழை பெஞ்சா ரெண்டு நாளைக்குத் தண்ணி வடியாது. சிட்டி கவுன்சில் மீட்டிங்ல போய் சொல்லலாம்னா வீட்ல "ஓட்டே இல்லாத ஆளுக்கு எதுக்கு இந்த வேலை"ங்கிறாங்க. நீங்க என்ன சொல்றீங்க?

– ஒரு வாசகர், டெக்சாஸ்

தம்பி,

முதல் கேள்விக்கு நேரா வர்றேன். ஓட்டுக்காகக் கழட்டினாரான்னு கேக்குறீங்க. அவர் அமெரிக்கா வந்தது 1920, சிட்டிசன் ஆனது 1949 டிசம்பர் 16. நடுவுல 29 வருஷம் ஓட்டும் கிடையாது, எலெக்‌ஷன்ல நிக்கவும் முடியாது, முடியும்ங்கிற நம்பிக்கைக்கும் பெருசா எடம் இல்ல. அவர் மனசுல என்ன இருந்துச்சுன்னு நான் ஊகம் பண்ண மாட்டேன், ஆனா ஓட்டுக்காகங்கிற கணக்கு மட்டும் ஒத்து வரல.

அந்த நம்பிக்கைக்கு ஏன் எடம் இல்லன்னா, பகத் சிங் திந்த்னு ஒருத்தர், அவரும் பஞ்சாப்காரர், சீக்கியர், முதல் உலகப் போர்ல அமெரிக்க ராணுவ யூனிஃபார்மோட தலைப்பாகையும் கட்டி நின்னவர், சிட்டிசன்ஷிப் கேட்டு சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போனாரு. 1923 பிப்ரவரில நீ 'வெள்ளையர்' இல்ல, அதனால சிட்டிசன் ஆக முடியாதுன்னு சொல்லிட்டாங்க. அதோட இந்தியர்களுக்குக் கதவு சாத்தியாச்சு. அப்ப சௌந்த் கலிஃபோர்னியாவோட பெர்க்லி யுனிவர்சிட்டில கணக்குல டாக்டரேட் பண்ணிட்டு இருந்தாரு. (வந்தது என்னமோ பழம் பதப்படுத்துற படிப்புக்குத்தான், ஊருக்குத் திரும்பிப் போய் மாம்பழத்த டப்பாவுல அடைச்சு விக்கலாம்னு ஐடியா. நம்ம வீட்லயும் இப்படி ஒரு பிளான் சொல்லிட்டு ஃபிளைட் ஏறினவங்க உண்டுதானே.) தங்கினது, சாப்பிட்டது எல்லாம் ஸ்டாக்டன் குருத்வாரா மாணவர்களுக்காக நடத்தின வீட்ல.

1924-ல டாக்டரேட் கைல வந்துருச்சு, ஆனா வேலை? அடுத்த வருஷம் தெற்கு கலிஃபோர்னியா இம்பீரியல் வேலிக்குப் போய் பருத்தி எடுக்குற கூட்டத்துக்கு மேஸ்திரி ஆனாரு. கடல் மட்டத்துக்கும் கீழ இருக்கிற பாலைவனம் அது, கொலராடோ ஆத்துத் தண்ணிய வாய்க்கால்ல கொண்டு வந்து விவசாயம் பண்றாங்க. அப்புறம் அவரே லெட்டூஸ் கீரை, சர்க்கரை பீட், தீவனப் புல்லுனு போட்டாரு. சிட்டிசன் ஆக முடியாதவன் நிலம் வாங்கவும் கூடாது, குத்தகைக்கு எடுக்கவும் கூடாதுன்னு கலிஃபோர்னியால சட்டம், அதனால அங்க இருந்த பஞ்சாபிங்க பல பேரு தெரிஞ்ச வெள்ளக்காரன் பேர்ல எழுதி வச்சுத்தான் உழுதாங்க. பொருளாதார வீழ்ச்சியில கடன் கழுத்த நெரிச்சப்ப திவால் நோட்டீஸ் குடுத்துட்டுத் தப்பிச்சிருக்கலாம், குடுக்கல, வருஷக்கணக்கா கொஞ்சம் கொஞ்சமா அடைச்சாரு. எனக்கு அவரோட அரசியல் இங்கதான் ஆரம்பிக்குது. சின்ன ஊர்ல யாரு கடனத் திருப்பிக் குடுத்தான்னு எல்லாருக்கும் தெரியும் தம்பி, அத எந்த போஸ்டரும் சொல்ல வேண்டியதில்ல.

அந்த வருஷங்கள்ல சும்மா இருக்கவும் இல்ல. சர்ச், கிளப்புனு எங்க கூப்பிட்டாலும் போய் இந்திய சுதந்திரத்தப் பத்திப் பேசினாரு, பேச்சப் பழக டோஸ்ட்மாஸ்டர்ஸ்ல சேந்தாரு. கேத்தரின் மேயோங்கிற அமெரிக்க எழுத்தாளர் இந்தியாவக் கேவலப்படுத்தி எழுதின புத்தகத்துக்கு பதிலா, ஸ்டாக்டன் குருத்வாரா கேட்டுக்கிட்டதால 1930-ல ஒரு புத்தகம் எழுதினாரு. குருத்வாரா தன் சார்பா எழுதச் சொல்லி நம்பின ஆள நாம எந்தக் கணக்குல சேக்குறதுன்னு நீங்களே யோசிங்க. அப்புறம் சிட்டிசன்ஷிப் சட்டத்துக்காக அமைப்பு கட்டி விவசாயிங்ககிட்ட காசு சேத்தாரு. நியூயார்க்ல இருந்த ஜே.ஜே. சிங்னு இன்னொரு சீக்கியர் வாஷிங்டன் போய் ஒவ்வொரு எம்.பி. கதவாத் தட்டிட்டு இருந்தாரு. 1946 ஜூலைல ஜனாதிபதி ட்ரூமன் அந்தச் சட்டத்துல கையெழுத்துப் போட்டாரு, வருஷத்துக்கு வெறும் 100 இந்தியர் உள்ள வரலாம், ஏற்கனவே இருக்கிறவங்க சிட்டிசன் ஆகலாம்.

1950-ல, சிட்டிசன் ஆன அடுத்த வருஷமே, வெஸ்ட்மோர்லண்ட்ங்கிற குட்டி ஊர்ல ஜட்ஜ் பதவிக்கு நின்னு ஜெயிச்சாரு. சின்ன கேஸ்கள விசாரிக்கிற உள்ளூர் ஜட்ஜ், அப்ப அங்க அதுக்கும் எலெக்‌ஷன்தான். ஜெயிச்சும் பதவி குடுக்கல, சிட்டிசன் ஆகி ஒரு வருஷம் முழுசா முடியலையாம். சரின்னு 1952-ல மறுபடி நின்னாரு. ஊர்ப் பெரிய மனுஷன் ஒருத்தன் நாலு பேர் காதுல விழுற மாதிரி, "டாக்டரே, நீ ஜட்ஜ் ஆயிட்டா உன் கோர்ட்டுக்கு வர தலைப்பாகை நீயே குடுப்பியா, நாங்க காசு போட்டு வாங்கிக்கணுமா"ன்னு கேட்டானாம். இவரு, "தலைக்கு மேல என்ன வச்சிருக்கான்னு நான் பாக்குறதில்ல, உள்ள என்ன வச்சிருக்காங்கிறதுதான் என் கவலை"ன்னாரு. கவனிச்சீங்களா, அப்ப அவர் தலையில தலைப்பாகை கிடையாது. கழட்டி வச்சும் ஊர்க்காரன் கண்ணுக்கு அது தெரிஞ்சுட்டேதான் இருந்துச்சு. உங்க நெருடலுக்கு இதவிட நல்ல பதில் என்கிட்ட இல்ல.

காங்கிரஸ் கதை உங்களுக்குத் தெரிஞ்சதுதான், அதனால சுருக்கமா. 1956-ல எதிர்ல நின்னது ஜாக்குலின் கோக்ரன், ஒலி வேகத்தத் தாண்டிப் பறந்த முதல் பெண், புருஷன் கோடீஸ்வரர். சீட்டும் எதிர்க்கட்சியான ரிபப்ளிகன் கட்சி கையில இருந்த சீட்டு. அந்தப் பதவிக்கு ஏழு வருஷம் சிட்டிசனா இருந்திருக்கணும், சொந்தக் கட்சி போட்டியாளரே இவரு அப்படி இருக்கலன்னு கேஸ் போட்டாரு, கேஸ் நிக்கல, பதவியேத்த 1957 ஜனவரி 3-க்கு ஏழு வருஷம் முடிஞ்சு 18 நாள் கூடவே இருந்துச்சு. மூணு தடவ ஜெயிச்சாரு, 1962-ல பக்கவாதம் வந்து முடங்கிட்டாரு. அவருக்கு அப்புறம் அந்த அவைக்கு இன்னொரு இந்திய வம்சாவளி ஜெயிக்க 2004 ஆச்சு.

இப்ப உங்க தெருத் தண்ணிக்கு வர்றேன். தாராளமா போங்க. கவுன்சில்ல பேச சிட்டிசனா இருக்கணும்னு இல்ல, நீங்க அந்த ஊர்ல வரி கட்டுற ஆளு. ரெண்டு விஷயத்துல மட்டும் ஜாக்கிரதை: விசாவுல இருக்கிறவங்க எந்த எலெக்‌ஷனுக்கும் நன்கொடை குடுக்கக் கூடாது, அது சட்டம், யாராவது ஃபார்ம் நீட்டினா வாக்காளரா பதிஞ்சுடாதீங்க, அப்புறம் கியூவே போயிடும். மத்தபடி பேரக் குடுத்துட்டுப் போய் உக்காருங்க, பெரும்பாலும் மூணு நிமிஷம்தான் குடுப்பாங்க, எழுதி வச்சு வீட்ல ஒரு தடவ படிச்சுப் பாத்துட்டுப் போங்க. தண்ணி நிக்கிற போட்டோ தேதியோட நாலு எடுத்துட்டுப் போங்க, பக்கத்து வீட்டு ஓட்டு உள்ள ஆளையும் கூட கூட்டிட்டுப் போங்க.

என்ன ஆச்சுன்னு எழுதுங்க.