பதில்: பிஎஃப்ஏஎஸ் இல்லாத ஜாக்கெட் தோளில் ஊறுகிறது
பிஎஃப்ஏஎஸ் (தண்ணி ஒட்டாம இருக்கத் துணியில பூசுற ஃப்ளூரின் ரசாயனங்கள்) இல்லாத மழை ஜாக்கெட் நாலே மாசத்துல தோள்பட்டையில ஊறுது, பழைய ரகத்துக்கே போகலாமான்னு கேட்டிருந்தீங்க. ஏமாத்திட்டாங்கன்னு நினைக்காதீங்க. பழைய ஃப்ளூரின் பூச்சு தண்ணியோட எண்ணெயையும் தள்ளிவிடும். புதுசு தண்ணியை மட்டும்தான். பை வார் உரசுற இடத்துல வியர்வை, சன்ஸ்கிரீன் பிசுக்கு ஏறினா மேல்துணி நனையும். உள்ள தண்ணியைத் தடுக்கிற சவ்வு பெரும்பாலும் நல்லாத்தான் இருக்கும்.

துவைச்சா பூச்சு போயிடும்னு அழுக்கோட வெச்சிருக்காதீங்க, அதுதான் கெடுதல். லிக்விட் சோப் கொஞ்சம், நல்லா ரெண்டு அலசல். துணி கண்டிஷனர் வேண்டவே வேண்டாம். லேபிள்ல அனுமதி இருந்தா டிரையர்ல மிதமான சூடு. அப்பவும் தண்ணி முத்து முத்தா உருளலைன்னா தண்ணி ஒட்டாம இருக்க அடிக்கிற, ஃப்ளூரின் இல்லாத ஸ்ப்ரே அடிங்க.

பழைய ரகம்? கலிஃபோர்னியாவுல 2025 ஜனவரியிலிருந்து உடுப்புகள்ல பிஎஃப்ஏஎஸ்ஸுக்குத் தடை. கடும் மழைக்கான ரகத்துக்கு மட்டும் 2028 வரை விலக்கு. மண்ணுலயும் தண்ணியிலயும் சிதையாம கிடக்கிற சமாச்சாரம். நான் வாங்க மாட்டேன்.